குன்னூர் மலைப்பாதையிலிருந்து அவிநாசி சாலைக்கு

நொய்யல் கரையில் இருக்கும் சாமளாபுரத்தை வெளியூர்க்காரர்கள் விசைத்தறிக்காகவே அறிவார்கள். சோமனூர் வட்டாரத்துக் காடாத்துணி இங்கேயும் ஓடுகிறது. ஆனால் இந்தப் பேரூராட்சியிலும் சுற்றுக் கிராமங்களிலும் ‘மில்ட்ரிக்காரர் வீடு’ என்று வழி சொல்லப்படும் வீடுகள் உண்டு. பதினைந்து கிலோமீட்டருக்குள் சூலூர் விமானப்படைத் தளம் இருக்கிறது. அதன் ஓடுபாதை இரண்டாம் உலகப்போர்க் காலத்தது. வடமேற்கே மலை ஏறினால் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம். இந்த இரண்டுக்கும் எட்டும் தூரத்தில் இருக்கும் ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் இருப்பதில் வியப்பில்லை. அவர்கள் திரும்பி வந்தபின் உடம்புக்கு முடியாமல் போனால் அன்று எங்கே போனார்கள், இன்று எங்கே போகிறார்கள் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

1962 சீனப் போருக்குப் பிறகு ராணுவம் வேகமாகப் பெருகியது. தமிழ்நாட்டிலிருந்தும் அந்த ஆண்டுகளில் நிறையப் பேர் சேர்ந்தார்கள். அன்றைய சிப்பாய்க்கு 7 ஆண்டு நேரடிப் பணி, 8 ஆண்டு ரிசர்வ் என்பது பொதுக் கணக்கு. பதினெட்டு வயதில் போனவர் இருபத்தைந்து, இருபத்தாறில் ஊர் திரும்பிவிடுவார். போர் வந்து அழைத்தால் மறுபடியும் போகவேண்டும். இரண்டும் சேர்ந்து 15 ஆண்டு நிறைந்தால் ரிசர்விஸ்ட் பென்ஷன் உண்டு. நிறையாமல் இடையிலேயே அனுப்பப்பட்டவர்களுக்குக் கணக்குத் தீர்த்த தொகையும் டிஸ்சார்ஜ் புத்தகமும்தான். இன்று பென்ஷனோடு வரும் சிப்பாய் பதினேழு ஆண்டோ அதற்கு மேலோ பணி முடித்து, நாற்பதை நெருங்கும் வயதில் வருகிறார். நாடு முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 60,000 பேர் இப்படி வெளியே வருகிறார்கள். அன்று வந்தவர் இளைஞர், தறியில் நின்றால் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் உடம்பு. இன்று வருபவரின் முழங்காலிலும் முதுகிலும் பதினேழு ஆண்டு மலையும் பனியும் ஏறியிருக்கின்றன. ரத்த அழுத்த மாத்திரை பெட்டியிலேயே வருகிறது.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பட்டாளத்துக்காரர்களுக்கு ‘எம்.எச்.’ என்றால் வெலிங்டன் ராணுவ மருத்துவமனைதான். சோமனூர் போய், அங்கிருந்து கோவை, கோவையிலிருந்து மேட்டுப்பாளையம், பிறகு பர்லியாறு வழியாகக் கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் குன்னூர். விடியற்காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டு வேளைக்குப் போய்ச் சேரலாம். போய்ச் சேர்ந்தாலும் சிகிச்சை உரிமையாகக் கிடைப்பதல்ல. பணியில் இருக்கும் வீரர்களுக்குப் போக மீதிப் படுக்கை இருந்தால் முன்னாள் வீரருக்கு. ராணுவ மருத்துவ விதிகளில் இதற்கொரு எல்லையும் போட்டிருந்தார்கள். காசநோய், தொழுநோய், மனநோய், புற்றுநோய் ஆகியவை முன்னாள் வீரர்களுக்கான இந்த வசதிக்கு வெளியே. அந்த மருத்துவமனையில் வழக்கமாகக் கிடைக்காத சிகிச்சையும் வெளியே. ஒரு குடும்பத்தைக் கடனில் இறக்கும் நோய்கள் எவையோ, அவையே அந்தப் பட்டியலில் இருந்தன என்பதை இன்று நினைத்தாலும் மனம் கசக்கிறது. பஞ்சுத் தூசி பறக்கும் ஊரில், காசநோய் வந்த மில்ட்ரிக்காரரும் மற்ற எல்லோரையும் போல அரசு ஆஸ்பத்திரி வரிசையில்தான் நின்றார்.

ஆனாலும் அந்த மலைப்பயணத்தைப் பற்றிக் குறை மட்டும் சொன்னவர்களை நான் பார்த்ததில்லை. என் பெரியப்பா ஒருவர் பீரங்கிப் படையில் இருந்தவர். குண்டு வெடிக்கும் சத்தத்தில் இடது காது போயிருந்தது. எம்.எச்.சுக்குப் போகும் நாளுக்கு முதல் நாள் இரவே வேட்டியை மடித்து வைத்துவிட்டு, பழைய காக்கி பேன்ட்டை எடுத்து இஸ்திரி போடச் சொல்வார். டிஸ்சார்ஜ் புத்தகம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், அந்த உறை ஒரு மஞ்சள் பைக்குள். அங்கே போனால் அவருக்கு எண்ணும் ரேங்க்கும் திரும்பி வந்துவிடும். வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர் திருநெல்வேலியோ வேலூரோ, எந்த ரெஜிமென்ட் என்று கேட்டுத்தான் பேச்சு தொடங்கும். எந்த மலையில் இருந்தீர்கள், எந்த ஆண்டு என்று விசாரிப்பு நீளும். காது சரியாகவில்லை, அது சரியாகக்கூடியதும் அல்ல. வீட்டில் யாருக்கும் புரியாத ஒன்றைப் புரிந்துகொள்ளும் மனிதர்கள் அந்த வார்டில் இருந்தார்கள், அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பினால் ஒரு வாரம் அந்தக் கதைதான்.

மத்திய அரசின் சிவில் ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் 1954-ல் டெல்லியில் தொடங்கியது. ஓய்வு பெற்ற படைவீரருக்கு அதற்கு இணையான ஒன்று வர இன்னும் 49 ஆண்டுகள் ஆயின. முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டம், எல்லோர் வாயிலும் இ.சி.எச்.எஸ்., 2002 டிசம்பர் 30 அன்று ஒப்புதல் பெற்று 2003 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முதலில் நாடு முழுவதும் 227 பாலிகிளினிக்குகள். 2010-ல் 199 கூடுதலாக அனுமதிக்கப்பட்டு 426 ஆயின. கோவையிலும் ஒன்று அமைந்தது. பாலிகிளினிக் டாக்டர் பார்த்து ரெஃபரல் எழுதினால், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையில் கைக்காசு கொடுக்காமல் சிகிச்சை பெறலாம். நெஞ்சுவலி, விபத்து போன்ற அவசரத்தில் ரெஃபரலே வேண்டாம். நேரே போய்ச் சேர்ந்துவிடலாம், மருத்துவமனை பிறகு தகவல் தரும். பழைய விதியில் வெளியே நிறுத்தப்பட்ட புற்றுநோயும் மனநோயும் இப்போது உள்ளே. மனைவி, 25 வயதுக்குட்பட்ட மணமாகாத மகன், மணமாகாத மகள், குறைந்த வருமானத்தில் சார்ந்து வாழும் தாய் தந்தையரும் உள்ளே.

இதன் பொருள் எங்கள் ஊரில் என்னவாக இருந்தது என்பதைச் சொன்னால்தான் விளங்கும். 2003-ல் சாமளாபுரத்தில் ஒரு கூலி நெசவுக் குடும்பத்தில் ஒருவருக்கு இதய அறுவை சிகிச்சை என்றால் நகை போகும், சில சமயம் தறியும் போகும். பத்துப் பேருக்குக் குறைவான தறிக்குடோனுக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது. கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது 2009 ஜூலையில். ஆகவே ஆறு ஆண்டுகளுக்கு, இந்தத் தெருக்களில் கோவை அவிநாசி சாலைப் பெரிய மருத்துவமனைக்குள் பணத்தைப் பற்றி யோசிக்காமல் நுழைய முடிந்த ஏழைக் குடும்பம் ஏதாவது இருந்ததென்றால், அது பெரும்பாலும் மில்ட்ரிக்காரர் குடும்பமாகவே இருந்திருக்கும்.

இ.சி.எச்.எஸ்.ஸில் சேரக் கொடுத்த விலையும் அன்று சிறியது. தொடக்கத்தில் மாதப் பென்ஷன் 3,000 ரூபாய்க்குள் இருந்தவர் வாழ்நாளுக்கும் ஒருமுறை கட்டியது 1,800 ரூபாய். 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்குப் பின்னர் அதுவும் தள்ளுபடியானது. 2017 டிசம்பர் இறுதியில் திருத்திய கட்டணத்தில், ஹவில்தார் தரம் வரை 30,000 ரூபாய், இளநிலை அதிகாரிகளான ஜே.சி.ஓ.க்களுக்கு 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. ஓய்வின்போது கைக்கு வரும் தொகையிலிருந்து இது பிடித்தமாகிவிடுகிறது. வாழ்நாள் மருத்துவத்துக்கு இது நியாயமான விலைதான் என்று நினைக்கிறேன். திட்டத்தில் இப்போது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனாளிகள் இருக்கிறார்கள். 2025-26 நிதியாண்டுக்கு ஒதுக்கியது 8,317 கோடி ரூபாய்.

பாலிகிளினிக் காலை வேளை எம்.எச். வார்டு போல இருப்பதில்லை. சாமளாபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் கிளம்பி வந்து டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் பெண்கள்: வீரர்களின் மனைவிகள், விதவைகள், மகன் வட இந்தியாவில் பணியாற்றி ஓய்வு பெற்றதால் அட்டை பெற்ற தாய்மார்கள். கையில் துணிப்பை, பைக்குள் மாத்திரை அட்டைகளும் பழைய ரிப்போர்ட்டுகளும், கழுத்தில் தொங்கும் ஸ்மார்ட் கார்டு. கார்டு மெஷினில் போகும், திரையில் பெயர் வரும், டாக்டர் பார்ப்பார், மருந்துக் கவுன்டரில் பை விரியும். சீட்டில் எழுதிய ஐந்து மருந்தில் இரண்டுக்கு எதிரே ‘என்.ஏ.’ என்று குறித்திருப்பார்கள், கையிருப்பில் இல்லை. அந்த இரண்டுக்கும் மறுபடி வரவேண்டும், அல்லது வெளியே வாங்கிப் பில்லைக் கொடுத்துப் பணத்துக்குக் காத்திருக்கவேண்டும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மருந்து வேண்டிய எழுபது வயதுக்காரருக்கு, கோவைக்கு முப்பது கிலோமீட்டர் அளவில் பஸ் ஏறுவது ஒரு வேலை நாள். வெலிங்டனை நினைத்தால் இது கூப்பிடு தூரம். ஆனால் வெலிங்டனுக்கு ஆண்டில் எப்போதாவது போனார்கள். இங்கே மாதந்தோறும் போகிறார்கள்.

தனியார் மருத்துவமனையில் காட்சி வேறு. கட்டில் சுத்தம், ஏ.சி. அறை, கேட்ட நேரத்தில் ஸ்கேன். சேர்க்கைக் கவுன்டரில் முன்னாள் வீரர் ‘இ.சி.எச்.எஸ். கேஸ்’. பில்கள் அரசிடம் போய்ச் சரிபார்க்கப்பட்டுப் பணமாகத் திரும்பி வரும் தாமதம் நாடு முழுவதும் மருத்துவமனைகளின் குறை. பாக்கி சேர்ந்துவிட்டது என்று சில இடங்களில் இந்த நோயாளிகளைச் சேர்க்கத் தயங்குவதும், சில மருத்துவமனைகள் திட்டத்திலிருந்து விலகுவதும் நடந்திருக்கின்றன. மருத்துவமனைகளுக்குத் தரும் கட்டணங்களுக்கு அடிப்படையான சி.ஜி.எச்.எஸ். விகிதங்கள் பத்தாண்டுக்கும் மேலாகப் பெரிய மாற்றமில்லாமல் இருந்து 2025 அக்டோபரில்தான் விரிவாகத் திருத்தப்பட்டன. நோயாளிக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. கவுன்டரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். அன்று படுக்கை இருக்கிறதா என்பது கேள்வி. இன்று படுக்கை இருக்கிறது; போன ஆண்டின் பில் தீர்ந்ததா என்பது கேள்வி.

காகிதத்தின் கதையைத் தனியே சொல்லவேண்டும், ஏனென்றால் பெண்கள் அதிகம் அல்லாடுவது இங்கேதான். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் திருமணமான வீரர், லீவு முடிந்து யூனிட் திரும்பியதும் மனைவியின் பெயரைக் கிளார்க்கிடம் சொல்வார். தமிழ் தெரியாத அந்தக் கிளார்க் காதில் விழுந்தபடி எழுதுவார். பழனியம்மாள் ‘பலானி அமல்’ ஆவார்; ஊரில் ‘ராசாத்தி’ என்று கூப்பிட்டதால் அதுவே பெயராகப் பதிந்ததும் உண்டு. பிறந்த தேதி யாருக்கும் தெரியாததால் ஜனவரி 1. கணவர் இருக்கும்வரை அந்தப் பதிவை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அவர் போனபின் குடும்பப் பென்ஷனுக்கும் அட்டைக்கும் விண்ணப்பிக்கும்போதுதான் ஆதாரில் ஒரு பெயர், டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு பெயர் என்று தெரியவரும். நோட்டரி முன் பிரமாணப் பத்திரம், முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சான்றொப்பம், பிறகு ரெக்கார்ட் ஆபீசுக்குத் தபால். மெட்ராஸ் ரெஜிமென்ட்டாக இருந்தால் வெலிங்டன். பீரங்கிப் படை என்றால் நாசிக், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், இயந்திரப் பராமரிப்புப் பிரிவான ஈ.எம்.ஈ. என்றால் செகந்திராபாத். சாமளாபுரத்தை விட்டு அதிகம் நகராத ஒரு பெண்ணின் பெயர் இந்தியாவின் எந்த ஊரில் திருத்தப்படவேண்டும் என்பதை, கணவர் எந்தப் படைப்பிரிவில் இருந்தார் என்பது முடிவு செய்தது.

இதில் வந்த மாற்றத்தை மனமார வரவேற்கிறேன். பென்ஷன் இப்போது ‘ஸ்பர்ஷ்’ என்ற ஒரே இணைய அமைப்பு வழியாக வருகிறது. பெயர்த் திருத்தமும் அதன் வழியே கேட்கலாம். நவம்பர் மாதம் வங்கிக்கோ பென்ஷன் அலுவலகத்துக்கோ நேரில் போய் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று காட்ட வேண்டியிருந்த காலம் போய், 2014 முதல் டிஜிட்டல் ஆயுள் சான்றிதழ் வந்தது. ஆனால் நூலைப் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாது. தறியில் நின்ற கணவன் மனைவி இருவரும் இ-சேவை மையத்தில் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்ததுண்டு. 2021 இறுதியில் முகத்தைக் காட்டிச் சான்று பெறும் வசதி வந்த பிறகு அந்தத் தொல்லை குறைந்தது. பேரன் போனை முகத்துக்கு நேரே பிடிக்கிறான், முடிந்தது. ஒன்றை மட்டும் சொல்லவேண்டும்: வரிசையில் நின்ற அந்த நவம்பர் நாள்தான் பழைய வீரர்கள் ஒருவரையொருவர் பார்த்து, போன வருடம் வந்தவர் இந்த வருடம் ஏன் வரவில்லை என்று விசாரித்த நாளும்.

மனநலத்தைப் பற்றி அன்று யாரும் வாய் திறந்ததில்லை. இரவில் கத்தி எழுபவரைப் ‘பட்டாளத்துக் கோபம்’ என்று வீட்டார் பொறுத்துக்கொண்டார்கள். குடியென்று ஊர் பேசியது. 2023 டிசம்பர் 1 முதல் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் படையினருக்கும் குடும்பத்தாருக்குமான தனி ‘டெலி மானஸ்’ தொலைபேசி மனநல உதவி மையம் இயங்குகிறது. தொலைபேசியில் பேசக் கூச்சப்படும் தலைமுறைக்கு அது எட்டுமா என்பது வேறு கேள்வி. பேசலாம் என்று ஓர் இடமாவது இருக்கிறது.

பணியை விட்டு வந்தவரின் இரண்டாவது வேலையும் உடம்போடு சம்பந்தப்பட்டதுதான். அன்று திரும்பியவர் தறி வாங்கினார், அல்லது தறிக்குப் போனார். இன்று திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கேட்டில், விறைத்த முதுகோடு, வண்டி எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் முன்னாள் வீரர்தான். காலை எட்டிலிருந்து இரவு எட்டு. பதினேழு ஆண்டு காவல் காத்த உடம்பை மறுபடியும் காவலுக்கே உட்கார வைப்பதைத் தவிர நமக்கு வேறெதுவும் தோன்றவில்லையே என்ற வருத்தம் எனக்குண்டு. ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தை 2024 சுதந்திர தின உரையில் தமிழக முதல்வர் அறிவித்தார்; தொழில் தொடங்க 1 கோடி ரூபாய் வரை கடன், 30 விழுக்காடு மூலதன மானியம், 3 விழுக்காடு வட்டி மானியம். விசைத்தறியும் தையல் யூனிட்டும் கண்ணெதிரே இருக்கும் எங்கள் பகுதிக்காரர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் பென்ஷன் வாங்குபவரின் கதை. 1960களில் சேர்ந்து, பென்ஷன் ஆண்டு நிறையாமல் வந்தவர்களுக்கு அன்றும் எம்.எச். கதவு எளிதில் திறக்கவில்லை, 2003-க்குப் பிறகு இ.சி.எச்.எஸ். கதவும் திறக்கவில்லை. பென்ஷன் உத்தரவு எண் இல்லாதவருக்கு அட்டை இல்லை. அவர்களுக்கு மிஞ்சியது, முன்னாள் வீரர் நலனைக் கவனிக்கும் மத்திய சைனிக் வாரியத்தின் உதவித் தொகைகள். ஹவில்தார் தரம் வரையிலான பென்ஷன் இல்லாதவருக்கு மருத்துவச் செலவுக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை என்றிருந்தது 2023-ல் 50,000 ஆனது. 65 வயது கடந்த வறியவருக்கான மாத உதவி 4,000-லிருந்து 8,000 ஆக, 2025 நவம்பர் முதல் இரட்டிப்பானது. உயர்வு நல்லதுதான். கேட்டுப் பெறும் உதவிக்கும் அட்டையைக் காட்டிப் பெறும் உரிமைக்கும் உள்ள தூரம் குறையவில்லை. எண்பது தாண்டிய அந்தத் தலைமுறையில் இப்போது மிகச் சிலரே எஞ்சியிருக்கிறார்கள். அவர்களோடு இந்தக் குறையும் முடிந்துவிடும் என்று ஒருகாலத்தில் எண்ணியிருக்கலாம்.

ஆனால் 2022 ஜூனில் அக்னிபத் என்ற ஆள்சேர்ப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. சேர்பவர் ‘அக்னிவீரர்’; நான்கு ஆண்டுப் பணி. நான்கில் ஒருவர் வரை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவார், மற்றவர் வெளியே. கையில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி, வருமான வரி இல்லை. பணியினால் ஊனம் ஏற்பட்டால் அளவைப் பொறுத்து 15, 25, 44 லட்சம் ரூபாய் ஒருமுறை உதவி. மத்திய ஆயுதக் காவல் படைகளில் இட ஒதுக்கீடு. பென்ஷன் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதி இல்லை, இ.சி.எச்.எஸ். இல்லை. முதல் அணியினர் 2026 இறுதியிலிருந்து திரும்பத் தொடங்குகிறார்கள், இருபத்திரண்டு இருபத்தைந்து வயதில், ஏறக்குறைய 1960களின் சிப்பாய் திரும்பிய வயதில். சேவா நிதியின் அளவை அந்தச் சிப்பாய் கனவிலும் கண்டிருக்க மாட்டார் என்பது உண்மை. ஆனால் முழங்கால் வலி நான்காம் ஆண்டின் கடைசி நாளில் நின்றுவிடுவதில்லை; சில நோய்கள் வெளியே வந்து பத்தாண்டு கழித்தே தலைகாட்டும்.

சாமளாபுரத்துக்குத் திரும்பும் ஓர் அக்னிவீரர் திருப்பூர்க் கம்பெனி ஒன்றில் 21,000 ரூபாய்க்குள் சம்பளத்துக்குச் சேர்ந்தால் ஈ.எஸ்.ஐ. உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீடு உண்டு. இரண்டும் பக்கத்துத் தறிக்காரருக்கும் உண்டு. பட்டாளம் போனதற்காக வந்தவை அல்ல. இந்தக் குறையைத் தீர்க்க வழி இல்லாமல் இல்லை. பென்ஷன் இல்லாமல் விலகும் ஷார்ட் சர்வீஸ் அதிகாரிகளும் நெடுங்காலம் இ.சி.எச்.எஸ்.ஸுக்கு வெளியேதான் இருந்தார்கள். 2019 மார்ச்சில், ஒருமுறை 75,000 ரூபாய் கட்டினால் சில வரம்புகளோடு சேரலாம் என்று அவர்களுக்குக் கதவு திறக்கப்பட்டது. அதே கதவை அக்னிவீரருக்கும் திறந்து, கட்டணத்தைச் சேவா நிதியிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம். முதல் அணி ஊர் வந்து சேருமுன் அந்த உத்தரவு வரவேண்டும்.